பித்தும் பேதைமையும்

திருக்குறளில் 84ஆம் அதிகாரம் பேதைமை. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவு, சித்தம் சுவாதீனத்தில் இல்லாதபோது ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்று விதிக்கும் பிரிவு. எண்கள் ஒத்தது தற்செயலே. அதற்குப் பொருள் கற்பிப்பது புலமைக்கு அழகன்று. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். சட்டத்தின் 84 பித்தைக் கூறுகிறது. குறளின் 84 பேதைமையைக் கூறுகிறது. இரண்டும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நின்ற ஓர் இளைஞரின் வழக்கு சிங்கப்பூரில் 13 ஆண்டுகள் நீடித்து, 2022இல் தூக்குமேடையில் முடிந்தது. அவ்வழக்கைப் பற்றித் தமிழர் எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைக் கவனியாமலே சென்றன.

வழக்கின் வரலாறு சுருக்கமாக இது. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரல் 22ஆம் நாள் மலேசியாவிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு வந்தபோது பிடிபட்டார். அவர் தொடையில் கட்டப்பட்டிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் டயமார்பின், அதாவது தூய ஹெராயின், இருந்தது. 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்பது சட்டம். 2010 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2011 ஜூலையில் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பின்னர்ச் சட்டம் திருத்தப்படவே, மரணத்திற்குப் பதிலாக ஆயுள் தண்டனை வேண்டினார். 2017இல் உயர் நீதிமன்றமும் 2019 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை மறுத்தன. 2021 நவம்பர் 10ஆம் நாள் தண்டனையை நிறைவேற்ற நாள் குறிக்கப்பட்டது. முதல் நாள் அவருக்குக் கொவிட் தொற்று காணப்பட்டதால் நிறைவேற்றம் நின்றது. 2022 மார்ச் 29ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஞ்சிய மனுக்களையும் தள்ளியது. ஏப்ரல் 27ஆம் நாள் சாங்கிச் சிறையில் தண்டனை நிறைவேறியது. அவரைச் சோதித்தோர் கணித்த நுண்ணறிவு ஈவு 69.

இவ்வழக்கைப் பற்றி இருவகைப் பேச்சு எழுந்தது. “பைத்தியம் என்று சொல்லித் தப்பப் பார்த்தார்” என்பது ஒன்று. “பைத்தியக்காரரைத் தூக்கிலிட்டார்கள்” என்பது மற்றொன்று. முன்னது இரக்கமற்றது, பின்னது இரக்கமுள்ளது. ஆயினும் பிழை இரண்டிலும் ஒன்றே. நாகேந்திரன் பித்துப் பிடித்தவர் என்று எந்த நீதிமன்றத்திலும் எவரும் வாதாடவில்லை. முதல் விசாரணையில் அவர் சொன்ன வாதம், ஒருவன் மிரட்டியதால் செய்தேன் என்பது. அதனை நீதிமன்றம் நம்பவில்லை. 84ஆம் பிரிவு இவ்வழக்கில் எழவே இல்லை.

அப்பிரிவின் பிறப்பைச் சிறிது நோக்குதல் தகும். 1843இல் இலண்டனில் டேனியல் மக்னாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரான எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். ஆளுங்கட்சியினர் தம்மைத் துரத்தித் துன்புறுத்துகின்றனர் என்ற பொய்யெண்ணம் அவரைப் பற்றியிருந்தது. சான்றாயர் அவரைக் குற்றவாளியல்லர் என்றனர். நாடு கொதித்தது, பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் கூறிய விடையே இன்றும் பல நாடுகளில் அளவுகோலாக நிற்கிறது. செய்வது இன்னதென்று அறிந்தானா? அது தவறென்று அறிந்தானா? இவ்விரண்டே வினா. இவ்வளவுகோலால் அளந்தால் மக்னாட்டனே தப்பியிருப்பாரா என்பது ஐயம் என்று சட்ட அறிஞர் பலர் சுட்டியுள்ளனர்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் வழியே வந்த சட்டம் 1872 முதல் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மெக்காலே 1837இல் எழுதிய முதல் வரைவு வேறு விதமாக இருந்தது. அதில் பித்தருக்கு ஒரு விதியும், பிறவியிலேயே அறிவு வளராதவருக்குத் தனியே மற்றொரு விதியும் இருந்தன. 1860இல் இரண்டும் ஒரே தொடருக்குள் அடங்கின. சித்தம் கெட்டவர் என்ற சொல்லின் கீழ் வளராதவரும் சேர்க்கப்பட்டார். சேர்க்கப்பட்டார் என்பதைவிட அச்சொல்லின் நிழலில் மறைந்து போனார் என்பதே சரி.

சிங்கப்பூர் பித்தரை எங்கே வைத்தது என்பதும் ஒரு சிறு வரலாறு. 1841இல் பிராஸ் பசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடுமிடத்தில் முதல் பித்தர் விடுதி எழுந்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் சிறையும் அவ்வட்டாரத்தில்தான். 1862இல் விடுதி கண்டாங் கிர்பாவுக்கு, இன்றைய தேக்காவின் பக்கத்திற்கு, மாறிற்று. 1887இல் சிப்பாய் லைன்சுக்கு. 1928இல் இயோ சூ காங் சாலைக்கு. அங்கே 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. 1993இல் புவாங்கோக்கில் மனநலக் கழகமாயிற்று. நகரம் வளர வளர விடுதி ஊரின் ஓரத்திற்கே ஒதுங்கிக்கொண்டிருந்தது. இடத்தின் பெயரே வசைச்சொல்லாயிற்று. “உட்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டியவன்” என்ற ஏச்சைக் கேட்டறியாத சிங்கப்பூரர் சிலரே. ஒரு சொல் வசையாகிவிட்டால், அச்சொல்லுக்குரிய உதவியைக் கேட்டுப் போகக் குடும்பங்கள் கூசும்; நீதிமன்றத்தில் அதனைச் சொன்னாலும் ஊர் அதனைச் சாக்கு என்றே கேட்கும்.

84ஆம் பிரிவால் விடுதலை பெற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்று எண்ணுவோரும் உளர். அஃது உண்மையன்று. அவர் மனநல மருத்துவமனையில் காவலில் வைக்கப்படுவார். வெளிவரும் நாள் முன்கூட்டித் தெரிவதில்லை. மேலும், தம் சித்தம் கெட்டிருந்தது என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே மெய்ப்பிக்க வேண்டும். மனம் தளர்ந்தவர் தம் மனத் தளர்ச்சிக்குத் தாமே சான்று தேடவேண்டிய இந்நிலை, சட்டத்தில் உள்ள வியப்புகளுள் ஒன்று.

சிங்கப்பூர்ச் சட்டம் கல்லாய் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பித்தன், பித்தனல்லன் என்ற இரு கூறு போதாதென்று கண்டு, இங்கிலாந்து 1957இல் செய்ததைப் பின்பற்றி, 1961இல் கொலைக் குற்றத்திற்குக் குறைந்த பொறுப்பு என்னும் விலக்கைச் சிங்கப்பூர் ஏற்றது. மலேசியாவும் இந்தியாவும் இன்றளவும் இதனை ஏற்கவில்லை. இவ்விலக்கின் பயனை 2006ஆம் ஆண்டு வழக்கு ஒன்று காட்டும். மனைவியைக் கொன்ற ஒருவருக்கு நோயாக முற்றிய சந்தேகம் இருந்தது எனக் கண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குற்றத்தைக் கொலையினின்று குறைத்தது. தாம் செய்வது இன்னதென்று அவர் அறியாதவர் அல்லர். அறிந்தும், அவர் மனம் நேர்நிலையில் இல்லை என்பதை நீதிமன்றம் ஒப்பியது. 2020 முதல் 84ஆம் பிரிவும் விரிந்துள்ளது. தம் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முற்றும் இழந்தவரையும் அது இப்போது காக்கிறது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற பழைய விதியும் அதே திருத்தத்தால் நீங்கிற்று.

போதைப்பொருள் சட்டத்தில் வாயில் திறந்தது 2013இல். வெறும் சுமையாளாக இருந்தவர்க்கு இரு வழிகள் வகுக்கப்பட்டன. கடத்தலை ஒடுக்கக் கணிசமான உதவி செய்தார் என்று அரசுத் தரப்பு சான்று வழங்கினால், நீதிபதி ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். மன இயல்புக் குறையால் அவர் பொறுப்பு பெரிதும் குன்றியிருந்தால், ஆயுள் தண்டனை. முதல் வழி நாகேந்திரனுக்குக் கிட்டவில்லை. இங்கு ஒரு முரண் உண்டு. கூட்டத்தின் உள்விவகாரம் அறிந்தவனே உதவ முடியும். மிகக் குறைவாக அறிந்தவன் மிகக் குறைவாகவே தரமுடியும். பிறர் கையில் எளிதில் அகப்படுபவனுக்கு எவரும் உள்விவகாரம் சொல்லி வைப்பதில்லை. எனவே அவருக்கு எஞ்சியது இரண்டாம் வழி மட்டுமே.

அவ்வழியில் நீதிமன்றங்கள் கண்டது என்ன? அவர் அறிவாற்றல் எல்லைக்கோட்டு நிலையில் உள்ளது; ஆயினும் சட்டம் கூறும் மன இயல்புக் குறை அவர்க்கு இல்லை. தாம் கொண்டுவருவது என்ன என்பதும், அது சட்டவிரோதம் என்பதும் அவர்க்குத் தெரியும். கடனை அடைக்கவும் மேற்கொண்டு பணம் பெறவும் வேண்டி, ஆபத்தையும் ஆதாயத்தையும் எடைபோட்டு, வேண்டுமென்றே துணிந்தார். இது குற்ற மனத்தின் செயற்பாடு. சோதனைச்சாவடியில் தாம் பாதுகாவல் வேலை செய்வதாகச் சொல்லிச் சோதனையைத் தவிர்க்க முயன்றதும் அவர் சூழ்ச்சித் திறத்திற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. தம் கல்வித் தகுதியைப் பற்றி மருத்துவர்களிடம் மாற்றி மாற்றிச் சொன்னதும் அவர்க்கு எதிராய் நின்றது. இவை ஒன்றும் போகிறபோக்கில் சொல்லப்பட்டவை அல்ல. மருத்துவர்களை நேரில் விசாரித்து எழுதப்பட்டவை.

ஆயினும் அதே வழக்கின் ஏடுகளில் மற்றொன்றும் உண்டு. அரசு சார்பில் அவரைச் சோதித்த மனநல மருத்துவர், அவர் சித்தம் கெட்டவர் அல்லர் என்று கூறியதோடு நில்லாமல், எல்லைக்கோட்டு அறிவும் உடன்சேர்ந்த குறைகளும் அவர் தகாத இடத்தில் விசுவாசம் வைத்ததற்கும், ஆபத்தைச் சரியாக மதிப்பிடாமைக்கும் காரணமாகியிருக்கக்கூடும் என்று அறிக்கையில் எழுதினார். ஒருபுறம் ஆபத்தை எடைபோட்டார் என்கிறது தீர்ப்பு. மறுபுறம் எடைபோடும் கருவியே பழுது என்கிறது மருத்துவம். இரண்டும் ஒருங்கே உண்மையாகலாம். தராசு தட்டு எவரிடமும் இருக்கலாம். முள் நேரே நிற்கிறதா என்பதன்றோ வினா?

இவ்விடத்தில்தான் வள்ளுவரின் 84ஆம் அதிகாரம் துணையாகிறது. பேதைமை யாதென்று தாமே வினவித் தாமே விடை கூறும் அவர், அறியாமை என்று அதனை வரையறுக்கவில்லை. தீங்கு தருவதைப் பற்றிக்கொண்டு ஆக்கம் தருவதைக் கைவிடுவதே பேதைமை என்கிறார். அதாவது எடைபோடுவதில் நேரும் பிழை. நூலை ஓதி உணர்ந்து, பிறர்க்கும் உரைத்து, தான் மட்டும் அவ்வழி அடங்காதவனைப் போன்ற பேதை இல்லை என்றும் அதே அதிகாரத்தில் கூறுகிறார். (ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இக்குறளை இருமுறை படிப்பது நன்று.) அறிவதும் அறிந்தபடி நிற்பதும் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான கூற்று வேண்டா. கைப்பொருள் பெற்ற பேதைக்குக் கள்ளுண்ட பித்தனை உவமையாக்குவதும் அங்கேதான். உவமையும் பொருளும் வேறாதல் இலக்கணம். எனவே பித்தனும் பேதையும் வேறென்பது வள்ளுவர் துணிபு.

ஆனால் குறளை இவ்வழக்கில் மன்னிப்புக்குச் சான்றாகக் காட்டுவது உரைக்கு மாறு. வள்ளுவர் பேதைக்கு இரங்கவில்லை, இடித்துரைக்கிறார். அவர் கண்ட பேதைமை திருந்தக்கூடிய குற்றம். மருத்துவர் கண்டது பிறவியோடு வந்த குறை. குறள் தருவது தீர்ப்பன்று. அறிதல், மதிப்பிடுதல் என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு சொல்லை மட்டுமே அது தருகிறது. சட்டத்தில் குறைந்துள்ளது அப்பிரிப்பே.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வோர்க்கு இது புதுமையன்று. தோட்டப்புறத்துப் பள்ளி எதிலும் இத்தகைய மாணவன் ஒருவனைக் காணலாம். “மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கலாமா?” என்றால் “கூடாது ஐயா” என்பான். ஏன் கூடாது என்றால் “வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்” என்பான். அன்று மாலையே பெரிய பையன் ஒருவன் “வாடா” என்றதும் இறங்குவான். இறங்குமுன், சட்டை நனைந்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று அதனைக் கழற்றி மரக்கிளையில் மாட்டுவான். அவனுக்கு விதி தெரியும். பொய் சொல்லத் தெரியும். சட்டையைக் காக்கத் தெரியும். வெள்ளம் மட்டும் அவ்வேளையில் அவன் கண்ணுக்குத் தெரியாது. மரத்தில் தொங்கும் சட்டையைக் காட்டி, இவன் திட்டமிட்டே இறங்கினான், ஆதலின் வெள்ளத்தையும் எண்ணிப் பார்த்தே இறங்கினான் என்று எந்த ஆசிரியரும் சொல்லார். சோதனைச்சாவடியில் சொன்ன அந்தப் பாதுகாவல் பொய் ஏறக்குறைய அத்தகைய சட்டையே. அருகில் நிற்கும் அதிகாரியை ஏய்க்கும் சிறு சூழ்ச்சியினின்று, தூரத்தில் நிற்கும் தூக்குமரத்தை எண்ணித் துணிந்தான் என்ற பெரு முடிவுக்குச் செல்வது நெடுந்தாவல்.

இதற்கு மறுப்பும் உண்டு; அது வலியதே. எல்லைக்கோட்டு அறிவுடையோர் பலர் நேர்மையாக உழைத்து வாழ்கின்றனர். அறிவு குறைந்தோர்க்குச் சட்டம் இளகுமானால், கடத்தற்காரர் அத்தகையோரையே தேடிப் பிடித்துச் சுமையேற்றுவர். ஹெராயினால் குலைந்த குடும்பங்களுக்கும் நீதி வேண்டும். ஆனால் இவை அவரை விடுவிக்கக் கூடாது என்பதற்குக் காரணங்களேயன்றி, அவர் சாகவேண்டும் என்பதற்குக் காரணங்கள் அல்ல. விடுதலையை எவரும் கேட்கவில்லை. கேட்டது ஆயுட்காலச் சிறை. குற்றமா, தண்டனையா என்ற இரு வினாக்களைப் பிரித்து வைத்தால் மறுப்பின் வலிமை பெரிதும் குறையும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வாறு பிரித்தது. அறிவுவளர்ச்சி குன்றியவர் குற்றம் செய்திருக்கலாம், தண்டனையும் பெறலாம், மரண தண்டனை மட்டும் கூடாது என்று 2002இல் தீர்ப்பளித்தது. அறிவு ஈவு 70 என்று கோடு கிழித்து, அதற்கு ஓர் எண் மேலிருப்பவரைக் கைவிடுவதும் கூடாது, அளவையிலேயே பிழை உண்டு என்று 2014இல் மேலும் கூறிற்று. தண்டனைக்குப் பின் வந்த மனநோயும் மரணத்தை மாற்றக் காரணமாகலாம் என்று அதே 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. சிங்கப்பூரில் எண்ணால் ஆன கோடு இல்லை, அது நன்றே. ஆனால் வாயில் அடைபட்டால் அப்பால் இருப்பது ஒரே தண்டனை. பொறுப்பில் பாதி, கால் என்ற படிகள் மனிதரிடம் உண்டு. கட்டாய மரண தண்டனையில் படிகள் இல்லை. நீதிபதி ஒரு சிறிதேனும் ஐயுற்றால் அவ்வையத்தை இட்டுவைக்க இடமில்லை.

கோவலன் கதையை இவ்வழக்கோடு ஒப்பிடத் தமிழ் படித்தோர்க்குத் தோன்றும். அவ்வொப்புமை பொருந்தாது. கோவலன் குற்றமற்றவன், பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டான், ஆராய்ச்சி நிகழவில்லை. இங்கோ பொருள் உடலில் கட்டியிருந்தது. ஆராய்ச்சி ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தது. ஆராயாமையைக் குறைகூற இடமில்லை. ஆராய்ந்தபோது கேட்கப்பட்ட வினாவைப் பற்றியே பேச இடமுண்டு.

தமிழ்ச் சொல்லைப் பற்றியும் ஒன்று. சட்டம் கூறும் இக்குறையை மனப்பிறழ்வு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பிறழ்தல் என்றால் இருந்த நிலையினின்று மாறுதல். நோயால் மாறிய மனத்துக்கு அச்சொல் பொருந்தும். ஆனால் சட்டத்தின் வாசகம் வளர்ச்சி தடைப்பட்ட மனத்தையும் சேர்த்தே சொல்கிறது. வளராத மனம் பிறழவில்லை, அது அந்நிலையை அடையவே இல்லை. பிறழ்வு என்று படிப்பவர் வெறியையும் கூச்சலையும் தேடுவார். காணாதபோது, இவனுக்கு என்ன குறை என்பார். மனநலம் குன்றியவர், மனநோயாளி, புத்தி சுவாதீனமற்றவர், அறிவுத்திறன் குறைந்தவர் என ஒருவரையே பல பெயரால் சுட்டினால், எந்தப் பெயர்க்கு எந்த வாதம் என்று வாசகர் எவ்வாறு அறிவார்? மெக்காலேயின் வரைவு போல இரண்டுக்கும் இரு சொல் வைத்துக்கொள்வதே முறை. நோய்க்கு மனநோய், வளர்ச்சிக் குறைக்கு அறிவுவளர்ச்சிக் குறை. இரண்டையும் அடக்கும் சட்டத் தொடருக்கு மன இயல்புக் குறை என்பது போதும்.

2022 ஏப்ரல் 26ஆம் நாள், தண்டனைக்கு முதல் நாள், கடைசி மனு நீதிமன்றத்துக்கு வந்தது. மனுச் செய்த தாய் வழக்கறிஞர் இன்றித் தாமே நின்று, மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். அன்றே மனு தள்ளப்பட்டது. மகனின் கையைப் பற்றிக்கொள்ள அனுமதி கேட்கப்பட்டது. நீதிபதிகள் அதனை வழங்கினர். கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியே குடும்பத்தார் அவர் கையைப் பிடித்துக்கொண்டனர். “மா” என்று அவர் அழுத குரல் நீதிமன்ற அறை முழுதும் கேட்டது என்று செய்தியாளர் எழுதினர்.